வேளாண் பொருளியலா, சுற்றுச்சூழல் பொருளியலா: முதுநிலைப் படிப்பை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

சென்ற சித்திரை விடுமுறையில் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். பி.எஸ்சி. வேளாண்மை இறுதியாண்டு. கூடவே அவளுடைய பள்ளித் தோழி, பி.ஏ. பொருளாதாரம் முடிக்கும் தறுவாயில் இருப்பவள். "சித்தப்பா, நாங்கள் இரண்டு பேரும் முதுநிலையில் ஒரே படிப்பில் சேர முடியுமா? வேளாண் பொருளியல் நல்லதா, சுற்றுச்சூழல் பொருளியல் நல்லதா? இங்கேயே படிப்பதா, ஜெர்மனிக்குப் போவதா?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள். நான் வேளாண் பொருளியலில் முதுநிலை முடித்து, பதினைந்து ஆண்டுகளாகப் பண்ணைச் செலவுக் கணக்குகளோடு பிழைப்பை ஓட்டுகிறவன். இரவு உணவு ஆறிப்போகும்வரை பேசியும் பாதிதான் முடிந்தது. அன்று சொன்னதையும் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவர்களைப் போல இன்னும் பலர் இதே குழப்பத்தில் இருப்பார்கள்.

முதலில் வாசலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பலர் இங்கேதான் ஓராண்டைத் தொலைக்கிறார்கள். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலம், டெல்லி பூசா வளாகத்தில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய இடங்களில் எம்.எஸ்சி. வேளாண் பொருளியல் படிக்க, வேளாண்மையிலோ அதை ஒட்டிய துறையிலோ நான்காண்டுப் பட்டம் வேண்டும். பி.ஏ. பொருளாதாரத்தில் தங்கப் பதக்கமே வாங்கியிருந்தாலும் அங்கே விண்ணப்பம் ஏற்கப்படாது. சென்னை கோட்டூரில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸில் கதை வேறு. அங்கே எம்.ஏ. சுற்றுச்சூழல் பொருளியலுக்கு வேளாண் பட்டதாரியும் போகலாம், பொருளாதாரப் பட்டதாரியும் போகலாம். கணிதம் வருமா என்பதைத்தான் பார்ப்பார்கள். ஆக, அண்ணன் மகளுக்கு இரண்டு வாசல், தோழிக்கு ஒன்று. தோழியின் முகம் வாடியது. வாட வேண்டியதில்லை, அவளுக்கு வேறு வழிகள் இருக்கின்றன, பிறகு சொல்கிறேன்.

இந்த இரண்டு படிப்புகளும் உண்மையில் எதைப் பற்றியவை? பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தால் தாள்களின் பெயர்கள் பாதிக்குப் பாதி ஒன்றாகவே இருக்கும். நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், புள்ளியியல், எக்கனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவைப் புள்ளியியல் கொண்டு பகுத்தாயும் துறை) எல்லாம் இரண்டிலும் உண்டு. பெயர்ப் பட்டியலை வைத்து முடிவெடுக்க முடியாது. எனக்கு வித்தியாசம் விளங்கியது ஒரு திண்ணையில்.

முதுநிலை இரண்டாமாண்டில் நெல் சாகுபடிச் செலவு பற்றிய ஆய்வேட்டுக்காக லால்குடிப் பக்கம் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். கையில் பதினாறு பக்கக் கேள்விப் படிவம். உழவு, நாற்றங்கால், நடவு, களை, உரம், பூச்சிமருந்து, அறுவடை இயந்திர வாடகை என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்து, "உங்கள் வீட்டு ஆட்கள் எத்தனை நாள் வேலை செய்தீர்கள்?" என்றேன். பெரியவர் சிரித்தார். "எங்கள் வயலில் நாங்கள் இறங்குவதற்கு யார் கூலி கொடுப்பார்கள், தம்பி? அதைப் போடாதீர்கள்" என்றார். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தை வைத்துவிட்டு வெளியே வந்தார். "போடுங்கள் தம்பி" என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். விடியற்காலை மடை திறக்கப் போனது, வரப்பு கழித்தது, நடவாட்களுக்குக் கஞ்சி கொண்டுபோனது, களத்தில் நெல் காயவைத்துக் கிளறியது, மழைக்குத் தார்ப்பாய் போட்டது. இரண்டு ஏக்கருக்கு அவர் எண்ணிய நாட்கள் நாற்பதைத் தாண்டின. பெரியவர் அதற்குப் பிறகு பேசவில்லை.

வகுப்பில் ஏ2, ஏ2+எஃப்எல், சி2 என்று மூன்று செலவுக் கணக்குகளை மனப்பாடம் செய்திருந்தேன். கையிலிருந்து கொடுத்த செலவு மட்டும் என்றால் ஏ2. அதோடு அந்த அம்மா எண்ணிய நாட்களுக்குக் கூலி போட்டால் ஏ2+எஃப்எல். சொந்த நிலத்துக்கு வாடகையும் சொந்த முதலுக்கு வட்டியும் சேர்த்தால் சி2. 1965-இல் தொடங்கப்பட்ட ஆணையம், இன்று வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் என்ற பெயரில், இந்தக் கணக்குகளைப் பார்த்துத்தான் குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைக்கிறது. 2025-26 காரீஃப் பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லின் ஏ2+எஃப்எல் செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய், ஆதரவு விலை 2,369 ரூபாய். அதாவது செலவுக்கு மேல் பாதி. ஒன்றரை மடங்கு என்பது எந்தச் செலவின் மேல், ஏ2+எஃப்எல் மேலா, சி2 மேலா என்பதுதான் விவசாயிகள் சங்கங்களுக்கும் அரசுக்கும் இடையே தீராமல் நடந்துவரும் வாதம். தமிழ்நாட்டில் இந்தச் சாகுபடிச் செலவுக் கணக்கெடுப்பை நடத்துவது கோவை வேளாண் பல்கலைக்கழகம்தான். வேளாண் பொருளியலின் உயிர் இங்கே இருக்கிறது: ஒரு பண்ணை, ஒரு பயிர், ஒரு சந்தை, அதில் எவருக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்ற கணக்கு.

சுற்றுச்சூழல் பொருளியல் அந்தப் படிவத்தில் இடமே இல்லாத செலவுகளிலிருந்து தொடங்குகிறது. எங்கள் ஊர் பல்லடம் பக்கம். நான் சிறுவனாக இருந்தபோது அப்பாவின் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியிருக்கிறேன். பிறகு பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆழ்துளைக் கிணறு போட்டார், எங்கள் கிணறு வற்றியது, நாங்களும் போட்டோம், அடுத்தவருக்கு வற்றியது. இன்று ஆயிரம் அடியைத் தொட்டும் நம்பிக்கை இல்லை. பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால், நீரை இறைப்பவருடைய செலவுக் கணக்கில் அந்த நீருக்கு விலை ஏறக்குறைய சுழிதான். பக்கத்துக் கிணறு வற்றியது யாருடைய கணக்கிலும் வராது. இப்படிக் கணக்குக்கு வெளியே விழும் இழப்பைப் புறவிளைவு என்பார்கள். அதை அளப்பதும், அதற்கு வரி போடுவதா, உரிமையாகப் பங்கிடுவதா, தடை செய்வதா என்று ஆராய்வதும்தான் அந்தப் படிப்பு.

கொங்கு நாட்டில் இதற்குப் பாடப்புத்தகம் தேவையில்லை, நொய்யல் இருக்கிறது. பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. கீழ்ப்புறத்து விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் ஆலைகளின் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன்படி பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கான இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. அந்த இடத்தில் நில்லுங்கள். உவர் ஏறிப்போன ஒரு ஏக்கருக்கு இழப்பு எவ்வளவு? குறைந்த விளைச்சலை வைத்துக் கணக்கிடுவதா, சரிந்த நிலவிலையை வைத்தா, குடிநீர் லாரிக்குக் கொடுத்த காசை வைத்தா? ஒவ்வொரு முறையும் வேறு தொகை தரும். நீதிபதி கேட்கும்போது ஒரு தொகையைச் சொல்லி, ஏன் அந்தத் தொகை என்று விளக்கத் தெரிந்தவர் வேண்டும். சென்னையில் இந்தப் படிப்பைப் பற்றி நான் உயர்வாகச் சொல்வதற்குக் காரணமே, யு. சங்கர் தோல் தொழிலின் மாசு பற்றியும், பால் அப்பாசாமி நொய்யல் படுகை பற்றியும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ் வளாகத்திலிருந்து ஆய்வு செய்திருப்பதுதான். நம் ஊர்ச் சிக்கலை எடுத்துக்கொண்டு படிக்கலாம் என்பதற்கு அங்கே முன்னோடிகள் இருக்கிறார்கள்.

மூன்றாவதாக வளப் பொருளியல். தனிப் பட்டமாக நம் பக்கம் அரிது. இரண்டு படிப்புகளிலும் ஒரு தாளாக வரும். இதன் கேள்வி காலத்தைப் பற்றியது. இன்றைக்கு எவ்வளவு எடுப்பது, நாளைக்கு எவ்வளவு விட்டுவைப்பது? தீர்ந்துபோகும் கனிமத்துக்கு 1931-இல் ஹோட்டலிங் என்ற பொருளியலாளர் விடை எழுதினார். மீன் போல வளரும் வளத்துக்கு 1954-இல் ஸ்காட் கார்டன், யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று விட்டால் கடைசியில் எவருக்கும் லாபம் நிற்காது என்று காட்டினார். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றனவே, அந்தத் தடைக்காலம் சரியான நீளமா என்பது அசல் வளப் பொருளியல் கேள்வி. தமிழ்நாட்டின் 39,000 ஏரிகளும் அப்படித்தான். ஏரிப் பாசனத்தின் பொருளியலைக் கோவையில் கே. பழனிசாமி பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். பொதுவளங்களை ஊரார் தாங்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று நிறுவிய எலினோர் ஆஸ்ட்ரோமுக்கு 2009-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. ஏரி நீரைப் பங்கிட்டுவிடும் நீர்க்கட்டியையும் மடைமுறையையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அவருடைய எழுத்து அந்நியமாகவே இருக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வளப் பொருளியலில் கணிதம் கடினம். காலப்போக்கில் உச்சநிலை காண்பது பிளஸ் டூ வகைநுண்கணிதத்தோடு முடிந்துவிடாது. கணிதம் என்றாலே விலகி ஓடுகிறவர் இந்தப் பக்கம் வந்து துன்பப்பட வேண்டாம். வேளாண் பொருளியலில் நேரியல் திட்டமிடல், உற்பத்திச் சார்பு, திட்ட மதிப்பீடு என்று கணிதம் இருந்தாலும், பழகினால் கைக்கு வந்துவிடும்.

இனி நிறுவனங்கள். கோவையின் பெரிய பலம், பயிரைத் தெரிந்தவர்களுக்கு நடுவே பொருளியல் படிப்பது. உழவியலும் விரிவாக்கமும் படிப்பவர்கள் ஒரு கட்டடம் தள்ளி, பயிர்ப் பெருக்கம் படிப்பவர்கள் இன்னொரு கட்டடம் தள்ளி. சொட்டுநீர்க் கருவியின் ஆயுட்காலம் என்ன என்று கேட்க அரை மணி நேரம் போதும். கட்டணமும் குறைவு. பலவீனத்தையும் மறைக்க மாட்டேன்: வேளாண் பட்டதாரி நான்காண்டில் படித்த பொருளியல் தாள்கள் நான்கைந்துதான், அதனால் முதுநிலையின் முதல் பருவம் பொருளியல் அடிப்படையைப் பிடிப்பதிலேயே போய்விடுகிறது. கோட்பாட்டில் ஆழம் வேண்டுமானால் மாணவர் தானாக உழைக்க வேண்டும். டெல்லி பூசாவில் போட்டி கடுமை, மொழியும் உணவும் முதலில் படுத்தும், ஆனால் தேசிய வேளாண் பொருளியல் மற்றும் கொள்கை ஆராய்ச்சி நிறுவனம் அதே வளாகத்தில் இருக்கிறது. கொள்கை எழுதப்படும் இடத்துக்குப் பக்கத்தில் படிப்பதன் மதிப்பு பெரியது. இடம் கிடைத்தால் தயங்காமல் போகச் சொல்வேன்.

சென்னையில் இது தலைகீழ். நுண்ணினப் பொருளியலும் எக்கனாமெட்ரிக்ஸும் கறாராக நடக்கும். நிதிப் பொருளியல் படிப்பவர்களும் அதே வளாகத்தில் இருப்பதால் கணிதத் தரம் உயர்ந்தே இருக்கும். ஆனால் நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் வித்தியாசம் தெரியாமலே ஒருவர் பட்டம் வாங்கிவிட முடியும். கட்டணம் அரசு வேளாண் பல்கலைக்கழகத்தைவிடக் கூடுதல். கடன் வாங்கிப் படிப்பதானால் முதல் வேலையின் சம்பளத்தோடு பொருத்திப் பார்த்துவிட்டு இறங்குங்கள். டெல்லி டெரி உயர்கல்வி நிறுவனமும் இதே வகையைச் சேர்ந்தது. ஆற்றல், பருவநிலை பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு அது இன்னும் நெருக்கம்.

தோழிக்கு நான் சொன்ன இன்னொரு வழி, பொதுப் பொருளாதாரத்திலோ எக்கனாமெட்ரிக்ஸிலோ முதுகலை முடித்து, ஆய்வேட்டுக்கு மட்டும் வேளாண் அல்லது சுற்றுச்சூழல் தலைப்பை எடுப்பது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எக்கனாமெட்ரிக்ஸ் துறை தனியாகவே இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இதில் மரபும் உண்டு: அங்கே பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 வாக்கில் தன் மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பி இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி போன்ற கிராமங்களைக் கணக்கெடுக்க வைத்தார். அந்த ஊர்களைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய் அளந்திருக்கிறார்கள். பி.ஏ. பொருளாதாரம் படித்தவர் வயலுக்குப் போகக் கூடாது என்று யார் சொன்னது?

ஈழத்து மாணவர்களும் கேட்பதுண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது; முதுநிலைக்குப் பேராதனையின் வேளாண் பட்டப்பின் கல்வி நிறுவனம் அவர்களுக்கு இயல்பான அடுத்த படி.

வெளிநாடு என்றதும் எல்லாரும் முதலில் சொல்வது ஜெர்மனி. காரணம் கட்டணம். பான் பல்கலைக்கழகத்தில் வேளாண் மற்றும் உணவுப் பொருளியல் முதுநிலை ஆங்கிலத்திலேயே நடக்கிறது. கல்விக் கட்டணம் இல்லை, பருவத்துக்குச் சில நூறு யூரோ மட்டும். ஹோகன்ஹைமிலும் வேளாண் பொருளியல் ஆங்கிலத்தில் உண்டு, ஆனால் அந்த மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. இலவசம் என்ற சொல்லை மட்டும் நம்பிப் போகாதீர்கள். விசாவுக்கு முன், மாதாமாதம் குறிப்பிட்ட அளவே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். நம் பணத்தில் 11 லட்சத்துக்கு மேல். 2022 இறுதியிலிருந்து இந்திய மாணவர்களுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் கட்டாயம், அதற்கே மாதங்கள் ஆகலாம். இன்னொன்று: அங்கே பட்டத்தின் பெயரைவிட, இளநிலையில் பொருளியலுக்கும் புள்ளியியலுக்கும் எத்தனை மதிப்பீட்டுப் புள்ளிகள் (கிரெடிட்) எடுத்தீர்கள் என்று எண்ணிப் பார்ப்பார்கள். வேளாண் பட்டதாரிகள் அடிபடுவது இங்கேதான். நெதர்லாந்தின் வாகனிங்கன் உலகப் புகழ் பெற்றது, கட்டணமோ ஆண்டுக்கு 20,000 யூரோ அளவில். உதவித்தொகை இல்லாமல் அதை நான் எவருக்கும் சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவின் வேளாண் பொருளியல் துறைகள் பொருளாதாரப் பட்டதாரிகளை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்கின்றன. அங்கே வேளாண் பட்டம் தேவையே இல்லை. தோழியின் முகம் தெளிந்தது இதைக் கேட்டுத்தான். ஆய்வேட்டோடு கூடிய முதுநிலையில், பேராசிரியரின் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தால் கட்டண விலக்கும் மாதப் பணமும் கிடைக்க வாய்ப்புண்டு. அது கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம். பொதுவாக, வெளிநாட்டுக்கு இரண்டாண்டு வேலை செய்துவிட்டுப் போவதே மேல் என்பது என் எண்ணம். ஜெர்மன் அரசின் வளர்ச்சி சார்ந்த முதுநிலை உதவித்தொகைக்கே இரண்டாண்டுப் பணி அனுபவம் கேட்கிறார்கள்.

வேலை விஷயத்தில் பட்டத்தின் பெயர் எவ்வளவு முக்கியம் என்பது படித்து முடித்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. மத்திய அரசின் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கான அறிவிக்கை நான்கு முதுநிலைப் பட்டங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: பொருளாதாரம், பயன்பாட்டுப் பொருளாதாரம், வணிகப் பொருளாதாரம், எக்கனாமெட்ரிக்ஸ். வேளாண் பொருளியலும் சுற்றுச்சூழல் பொருளியலும் அந்தப் பெயர்களில் இல்லை. அந்தப் பணிதான் கனவு என்றால், சேரும் முன்பே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தெளிவு கிடைக்கவில்லை என்றால் பொதுப் பொருளாதாரமே பாதுகாப்பு. வேளாண் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் ஆக வேண்டுமானால் வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் நடத்தும் நெட் தகுதித் தேர்வு எழுத வேண்டும். கலைக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்த யுஜிசி நெட். இரண்டும் வேறு வேறு தண்டவாளம், நடுவில் மாறுவது கடினம். வேளாண், ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டின் அதிகாரித் தேர்வில் பொருளாதார, சமூகப் பிரச்சினைகளும் வேளாண்மையும் ஊரக வளர்ச்சியும் முக்கியத் தாள்கள் என்பதால், வேளாண் பொருளியல் படித்தவருக்கு அது சொந்த மண். வங்கியின் வேளாண் அதிகாரி வேலை மட்டும் போதும் என்றால் பி.எஸ்சி. போதும், முதுநிலைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தன்னார்வ நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள், நிறுவனங்களின் பருவநிலை அறிக்கைப் பிரிவுகள் பக்கம் சுற்றுச்சூழல் பொருளியலுக்கு வரவேற்பு கூடியிருக்கிறது. அங்கே பட்டத்தைவிட, ஆர் அல்லது ஸ்டேட்டா மென்பொருளில் தரவைக் கையாளத் தெரியுமா என்றுதான் நேர்காணலில் கேட்கிறார்கள்.

இத்தனையும் எடைபோட்டு நான் முன்னுக்கு வைப்பது ஆய்வேட்டைத்தான். எங்கே மாணவரை ஊருக்கு அனுப்பித் தரவு சேகரிக்க வைக்கிறார்களோ, எங்கே அந்தத் தரவை ஒழுங்காகப் பகுத்தாயக் கற்றுக்கொடுக்கிறார்களோ, இரண்டும் கூடிய இடத்துக்குப் போங்கள். திண்ணையில் உட்காராமல் எக்கனாமெட்ரிக்ஸ் மட்டும் கற்றவர், அந்த அம்மா எண்ணிய நாற்பது நாட்களைக் காலிக் கட்டமாக விட்டுவிடுவார். திண்ணையில் மட்டும் உட்கார்ந்தவர், அதை வைத்துச் சராசரிக்கு மேல் எதையும் சொல்லத் தெரியாமல் நிற்பார். நான் இரண்டாவது வகையாக வெளியே வந்து, வேலைக்குச் சேர்ந்த பிறகு ஐந்தாண்டுகள் இரவில் புள்ளியியல் படித்தேன். அந்த ஐந்தாண்டு இவர்களுக்கு மிச்சமாக வேண்டும். எனவே விண்ணப்பிக்கும் முன், அந்தத் துறையில் சென்ற ஆண்டு முடித்த இருவரைப் பிடித்து, ஆய்வேட்டுக்கு எத்தனை மாதம் கிடைத்தது, எந்த ஊருக்குப் போனார்கள், பயணச் செலவை யார் கொடுத்தார்கள், எந்த மென்பொருளில் பகுத்தாய்ந்தார்கள் என்று கேளுங்கள். கையேட்டில் இந்த நான்குக்கும் விடை இருக்காது.

தோழி சென்னைக்கு விண்ணப்பித்துவிட்டாள். எக்கனாமெட்ரிக்ஸையும் இரண்டாவது விருப்பமாக வைத்திருக்கிறாள். அண்ணன் மகள் கோவைக்கும் டெல்லிக்கும் நுழைவுத்தேர்வு எழுதியிருக்கிறாள். போன வாரம் தொலைபேசியில், எங்கே இடம் கிடைத்தாலும் ஆய்வேட்டுக்கு எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணறுகளையே எடுத்துக்கொள்ளலாமா, ஆண்டுவாரியாக ஆழமும் செலவும் யாரிடம் கிடைக்கும் என்று கேட்டாள். அப்பா ஒவ்வொரு முறை கிணறு வெட்டியபோதும், போர் போட்டபோதும் ஆன செலவைப் பழைய சிட்டை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். முதல் படிவத்தை அவளுடைய அப்பாருவிடம்தான், அதாவது தாத்தாவிடம்தான், நிரப்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நோட்டுகளை இப்போதே பரணிலிருந்து இறக்கி வைத்துவிட்டார்.